எலெக்ட்ரிக் கிட்டாரை நாமே சேர்க்கும்போது எந்தப் பாகம் எதோடு பொருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பாகத்தை முதலில் வாங்க வேண்டும்?

பாடி (கிட்டாரின் உடல்), நெக் (கழுத்து), பிரிட்ஜ் (பாடியின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) மூன்றையும் ஒரே முடிவாக எடுங்கள். இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மறுபடி அளந்து பார்க்க வேண்டியிருக்கும். பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்), சுவிட்ச், ட்யூனர் (தந்தியை முறுக்கும் சாவி) எல்லாம் பிறகு வாங்கலாம். அவற்றில் தவறு நேர்ந்தால் ஒரு புஷிங் (துளைக்குள் செருகும் உலோகக் குழல்), ஒரு ரீமர் (துளையைச் சீராகப் பெரிதாக்கும் கருவி), கொஞ்சம் சால்டரிங் ஈயம் இருந்தால் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள தூரம் தவறினால் அப்படி முடியாது. பழைய துளைகளை மரக்கட்டையால் அடைத்து, மறுபடி துளைத்து, பெயிண்டையும் புதுப்பிக்க வேண்டும்.

பலர் செய்வது இதற்குத் தலைகீழ். பிடித்த பிக்கப்பை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற பாடியைத் தேடி அலைகிறார்கள்.

"ஸ்ட்ராட் வகை" என்று போட்டிருந்தால் எல்லாம் பொருந்திவிடும்தானே?

இல்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டர் மாடலைக் குறிக்கும் அந்தப் பெயர் வடிவத்தைச் சொல்கிறதே தவிர அளவைச் சொல்வதில்லை. அமெரிக்கப் பாகங்கள் அங்குலக் கணக்கிலும், ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை மில்லிமீட்டர் கணக்கிலும் வருகின்றன. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஸ்டாப்டெயிலைத் (தந்திகளின் பின்முனையைப் பிடிக்கும் பட்டை) தாங்கும் போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அளவில் அது 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. மெட்ரிக்கில் எம்8, அதாவது 8 மி.மீ. மரை நெருக்கமும் வேறு. ஒன்றை மற்றதன் புஷிங்கில் திருகினால் முதல் சுற்று ஏறுவதுபோல இருக்கும், பிறகு இறுகிப் பிடித்து மரையைக் கெடுத்துவிடும்.

ஆகவே வெர்னியர் காலிப்பர் ஒன்றும், 1 மீட்டர் உலோக அளவுகோல் ஒன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். விற்பவரிடம் "பொருந்துமா" என்று கேட்பதைவிட "இந்த இடத்தில் எத்தனை மி.மீ." என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

ஸ்கேல் நீளத்தை எப்படி அளப்பது?

ஸ்கேல் நீளம் என்பது நட்டுக்கும் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளமிட்ட சிறு கட்டை) சாடிலுக்கும் (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் துண்டு) நடுவே தந்தி அதிரும் பெயரளவு நீளம். நட்டின் பிரெட்போர்டு (பிரெட் என்னும் உலோகக் கம்பிகள் பதித்த, விரல் வைக்கும் பலகை) பக்க விளிம்பிலிருந்து 12-வது பிரெட்டின் நடு உச்சி வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். நட்டிலிருந்து சாடில் வரை நேராக அளந்தால் தவறான எண்தான் கிடைக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சாடிலும் சுருதிக்காகக் கொஞ்சம் பின்தள்ளி வைக்கப்பட்டிருக்கும்.

ஃபெண்டர் ஸ்ட்ராட், டெலி (டெலிகாஸ்டர்) இரண்டும் 25½ அங்குலம் (648 மி.மீ.). கிப்சன் பெயரளவில் 24¾ அங்குலம் (ஏறத்தாழ 628 மி.மீ.). பிஆர்எஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை 25 அங்குலம் (635 மி.மீ.). ஃபெண்டர் ஜாகுவாரும் மஸ்டாங்கும் 24 அங்குலம் (610 மி.மீ.).

நெக் இந்தப் பாடிக்குப் பொருந்துமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

இதில் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவதை எல்லோரும் செய்வார்கள், இரண்டாவதைத்தான் விட்டுவிடுவார்கள்.

முதலாவது, ஹீல் (நெக்கின் பாடிப்பக்க முனை) பாக்கெட்டுக்குள் (பாடியில் அதற்கென வெட்டிய பள்ளம்) உட்காருகிறதா என்பது. ஃபெண்டர் அளவில் பாக்கெட்டின் அகலம் 2 3/16 அங்குலம் (ஏறத்தாழ 56 மி.மீ.), நீளம் சுமார் 76 மி.மீ., ஆழம் 5/8 அங்குலம் (15.9 மி.மீ.). ஹீலின் தடிமன், பிரெட்போர்டையும் சேர்த்து, 1 அங்குலம் (25.4 மி.மீ.). ஸ்ட்ராட் ஹீலின் கடைசி விளிம்பு வளைந்திருக்கும், டெலி ஹீலின் விளிம்பு நேராகச் சதுரமாக இருக்கும். ஸ்ட்ராட் நெக்கை டெலி பாக்கெட்டில் வைத்தால் மூலைகளில் சிறு இடைவெளி தெரியும், வேலை செய்வதில் குறையில்லை. டெலி நெக்கை ஸ்ட்ராட் பாக்கெட்டில் வைத்தால் மூலைகள் முட்டும், முழுதாக உள்ளே போகாது.

இரண்டாவது, தூரம். இப்படிச் செய்யுங்கள்:

1. நெக்கின் ஸ்கேல் நீளத்தை மேலே சொன்னபடி அளந்துகொள்ளுங்கள். 648 என்று வைப்போம்.
2. நட்டின் விளிம்பிலிருந்து ஹீல் மரத்தின் கடைசி விளிம்பு வரை அளங்கள். பிரெட்போர்டு ஹீலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டத்தைச் சேர்க்காதீர்கள். 460 என்று வைப்போம்.
3. கழித்தால் 188. பாக்கெட்டின் பின்சுவரிலிருந்து மெல்லிய இ (E) தந்தியின் சாடில் உச்சி வரை இருக்க வேண்டிய தூரம் இதுதான்.
4. பாடியில் பிரிட்ஜை அதற்குரிய துளைகளின் மேல் வைத்து, சாடில் எங்கிருந்து எங்கு வரை நகரும் என்று அளங்கள். மெல்லிய இ தந்திக்கு 188 முதல் 190 வரையும், தடித்த இ தந்திக்கு 191 முதல் 193 வரையும் சாடில் எட்ட வேண்டும். முன்பக்கம் இன்னும் 2 மி.மீ. மிச்சம் இருந்தால் நிம்மதி.

சாடில் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1 மி.மீ. விலகினால் 12-வது பிரெட்டில் சுருதி ஏறத்தாழ 2.7 சென்ட் தவறும். ஒரு செமிடோனுக்கு (ஒரு பிரெட் இடைவெளி) 100 சென்ட். 2, 3 மி.மீ. பிசகை சாடில் நகர்ந்து சரிக்கட்டிவிடும். 10 மி.மீ. தவறினால் 27 சென்ட், அதை எந்தச் செட்டப்பாலும் மறைக்க முடியாது. சாடில் அதிகம் பின்னால் இருந்தால் பிரெட்டில் அழுத்தும் ஸ்வரம் இறங்கி ஒலிக்கும், அதிகம் முன்னால் இருந்தால் ஏறி ஒலிக்கும்.

24¾ அங்குல நெக்கை ஸ்ட்ராட் பாடியில் போட முடியுமா?

"கன்வெர்ஷன் நெக்" என்று விற்கப்படுவதை வாங்கினால் முடியும். வார்மோத் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. ஹீல் ஃபெண்டர் வடிவில்தான் இருக்கும், ஆனால் பாடியில் பிரிட்ஜ் இருந்த இடத்திலேயே இருக்கும்படி பிரெட்டுகள் கணக்கிட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். நட் பாடிக்குக் கொஞ்சம் கிட்டே வரும், அவ்வளவுதான்.

சாதாரணக் குட்டை ஸ்கேல் நெக்கில் இந்தக் கணக்கு கிடையாது. அது பாக்கெட்டுக்குள் அழகாக உட்காரும், திருகுகளும் சரியாக இறங்கும், தந்தி போட்டபின் எந்தப் பிரெட்டிலும் சுருதி சேராது. மேலே உள்ள கழித்தலைச் செய்து பார்த்திருந்தால் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

21 பிரெட் பாடியில் 22 அல்லது 24 பிரெட் நெக் போடலாமா?

22 பிரெட் பிரச்சினையில்லை. ஃபெண்டர் பாணி நெக்குகளில் 22-வது பிரெட், ஹீலைத் தாண்டி நீளும் பிரெட்போர்டு நாக்கின் மேல் இருக்கும், ஹீல் அப்படியேதான் இருக்கும். ஒரே சிரமம், பிக்கார்டு (பாடியின் முகப்பை மூடும் தகடு) அந்த நாக்கின் அடியில் போவதால் அதைக் கழற்ற நெக்கையும் கழற்ற வேண்டியிருக்கும்.

24 பிரெட் வேறு கதை. 24-வது பிரெட் ஸ்கேலின் முக்கால் பங்கில், அதாவது 648 ஸ்கேலில் நட்டிலிருந்து 486 மி.மீ. தூரத்தில் வரும். ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப்பின் காந்தங்கள் ஏறக்குறைய அங்கேதான் இருக்கின்றன. ஆகவே 24 பிரெட்டுக்கென்றே துளைத்த பாடி வேண்டும்.

நெக்கில் திருகுத் துளை இல்லை. எப்படித் துளைப்பது?

நெக்கைப் பாடியின் பின்பக்கமிருந்து பிடிக்கும் நான்கு திருகுத் தகட்டின் துளைகள் 51 மி.மீ. நீளத்துக்கும் 38 மி.மீ. அகலத்துக்கும் அமைந்திருக்கும். (1970-களின் ஃபெண்டர் ஸ்ட்ராட்களில் மூன்று திருகு முறை இருந்தது, அந்த நெக்கும் பாடியும் தங்களுக்குள் மட்டுமே பொருந்தும்.) வழக்கமான திருகு 4.2 மி.மீ. தடிமன், 45 மி.மீ. நீளம்.

நீளத்தைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். பாடி 45 மி.மீ., பாக்கெட் ஆழம் 16 மி.மீ. என்றால் நடுவே உள்ள மரம் 29 மி.மீ. தகட்டுக்கு 2 மி.மீ. சேர்த்தால் 31. மிச்சம் 14 மி.மீ. நெக்குக்குள் போகும். அது போதும். பாக்கெட் அடிமரம் மெல்லிதாக உள்ள பாடியில் அதே திருகு பிரெட்போர்டை அடியிலிருந்து குத்திக் கிளப்பிவிடும்.

நெக்கைப் பாக்கெட்டில் வைத்து, இரு வெளி ட்யூனர்களிலிருந்து இரு வெளிச் சாடில்களுக்கு நூல் இழுத்துக் கட்டுங்கள். பிரெட்போர்டின் இரு ஓரங்களிலும் நூலுக்கு வெளியே சம இடம் வரும்வரை நெக்கைத் திருத்தி, கிளாம்ப் போட்டு, பாடியின் துளைகள் வழியாகக் கூர்முனையால் குறியிடுங்கள். பிறகு நெக்கைக் கழற்றி, 3.2 மி.மீ. துரப்பணத்தில் ஆழக் குறிப்புக்கு டேப் ஒட்டிச் செங்குத்தாகத் துளையுங்கள். மேப்பிள் கடினமான மரம். துளை சிறிதானால் திருகின் தலை முறிந்து தண்டு உள்ளேயே தங்கிவிடும். திருகு மரையில் கொஞ்சம் மெழுகு தேய்ப்பது நல்லது.

பாடியில் உள்ள துளைகள் திருகு தடையின்றி நழுவும் அளவுக்குத் தளர்வாக, 4.5 மி.மீ. அளவில், இருக்க வேண்டும். அங்கேயும் மரை பிடித்தால் திருகு எவ்வளவு இறுகினாலும் நெக் பாடியோடு சேராது. நடுவே மயிரிழை இடைவெளி நின்றுவிடும். பின்னால் நெக் அசைகிறது, டியூனிங் நிற்கவில்லை என்று தேடும்போது இந்த இடத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

பாக்கெட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

கையால் அழுத்தினால் இறங்கி, பக்கவாட்டில் ஆடாமல் நிற்க வேண்டும். திருகில்லாமலே பாடியைத் தூக்க முடிகிற இறுக்கம் தேவையில்லை. பெயிண்ட் அடிக்காத பாடியில் மிக இறுக்கமாகப் பொருந்தினால், பெயிண்ட் ஏறியபின் நெக் உள்ளே போகாது. கட்டாயப்படுத்தினால் பாக்கெட் ஓரத்திலிருந்து பெயிண்டில் வெடிப்பு கிளம்பும். பாக்கெட்டின் அடித்தளத்தில் பெயிண்ட் படாமல் மறைத்துவிடுவதே நல்லது.

பிரிட்ஜின் உயரம் சரியாக வருமா?

இதையும் எண்ணால்தான் பார்க்க வேண்டும். ஹீல் தடிமனிலிருந்து பாக்கெட் ஆழத்தைக் கழியுங்கள்: 25.4 − 15.9 = 9.5 மி.மீ. பிரெட்போர்டு பாடிக்கு மேல் நிற்கும் உயரம் இது. பிரெட் உயரம் 1 மி.மீ. சேர்த்தால் 10.5. 12-வது பிரெட்டில் தந்தி 1.8 மி.மீ. உயரத்தில் வேண்டும் என்றால் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் அது ஏறத்தாழ 3.2 மி.மீ. ஆகிவிடும். ஆக, சாடில் மேல் தந்தி பாடியிலிருந்து சுமார் 13.7 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். நெக் பாடிக்குச் சாய்வில்லாமல் இணையாக இருக்கிறது என்ற கணக்கில் இது.

இந்த எண், பிரிட்ஜின் மிகக் குறைந்த உயரத்துக்கும் மிக அதிக உயரத்துக்கும் நடுவே விழ வேண்டும். ஸ்ட்ராட், டெலி பிரிட்ஜுகள் இந்தக் கணக்குக்கென்றே உருவானவை. ட்யூனோமேட்டிக் அப்படியல்ல. அது உயரமான பிரிட்ஜ், கிப்சனில் நெக் சில டிகிரி பின்சாய்ந்திருப்பதை நம்பி அமைந்தது. தட்டையான பாடியில், சாய்வில்லாத பாக்கெட்டில் அதைப் போட்டால் முழுதாக இறக்கியபின்னும் தந்தி உயரமாகவே நிற்கும். சாய்வாகக் குடைந்த பாக்கெட் வேண்டும், அல்லது பிரிட்ஜைப் பாடிக்குள் பள்ளம் வெட்டி இறக்க வேண்டும், அல்லது நெக்கைச் சாய்க்கப் பாக்கெட்டில் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும்.

ஷிம் பற்றி ஒரு கணக்கு நினைவிலிருக்கட்டும். பாக்கெட்டின் பின்சுவர் ஓரத்தில் 0.5 மி.மீ. தடிமனுள்ள ஷிம் வைத்தால், சாடில்களை ஏறத்தாழ 1.9 மி.மீ. உயர்த்த வேண்டிவரும். அதாவது ஷிம்மைப்போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆகவே உயரமான பிரிட்ஜுக்கு 0.5 அல்லது 0.75 மி.மீ. போதுமா என்று முதலில் பாருங்கள். பாக்கெட்டின் முழு நீளத்துக்கும் ஆப்பு வடிவில் சீவிய மர ஷிம், ஓரத்தில் மட்டும் செருகும் அட்டைத் துண்டைவிட நம்பகமானது.

பிரிட்ஜின் தந்தி இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்?

பழைய பாணி ஸ்ட்ராட் பிரிட்ஜில் வெளித் தந்திகள் இரண்டுக்கும் நடுவே 56.4 மி.மீ., நவீன அமெரிக்க இரு தூண் பிரிட்ஜில் 52.4 மி.மீ. ஆசியத் தயாரிப்புகளில் 52.5, 54 இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ட்யூனோமேட்டிக்கில் 50 முதல் 52 வரை.

21-வது பிரெட் அருகே பிரெட்போர்டின் அகலம் 56 மி.மீ. என்றால், 56.4 பிரிட்ஜில் தந்திக்கு வெளியே ஓரத்தில் 3 மி.மீ. மிஞ்சும். 52.4 பிரிட்ஜில் 4.4 மி.மீ. மிஞ்சும். பிரெட்போர்டு ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. ஒடுங்கிய நெக்கில் அகலமான பிரிட்ஜைப் போட்டால், விரலால் இழுக்கும்போது மெல்லிய இ தந்தி ஓரத்திலிருந்து நழுவி விழும். சந்தேகமிருந்தால் ஒடுங்கிய பிரிட்ஜையே எடுங்கள்.

பாடியில் ஏற்கெனவே துளைகள் இருந்தால் வேறு வழியில்லை, அந்தத் துளைகளுக்கேற்ற பிரிட்ஜ்தான். ஆறு திருகு டிரெமலோவில் (கைப்பிடித் தண்டால் அசைக்கும் பிரிட்ஜ்) முதல் துளையிலிருந்து ஆறாவது துளை வரை அளங்கள்: 56.4, 54, 52.5 எதுவாகவும் இருக்கலாம். இரு தூண் வகையில் தூண்களின் நடுவே 56 அல்லது 74 மி.மீ. இருக்கும். ட்யூனோமேட்டிக்குக்கும் ஏறத்தாழ 74 மி.மீ.தான், ஆனால் தூணின் தடிமனும் மரையும் மாறுபடும் என்பதால் அந்த ஒற்றுமையால் பயனொன்றும் இல்லை.

டிரெமலோ என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: பாடியின் தடிமன். முழு அளவுப் பிளாக் (டிரெமலோவின் அடியில் தொங்கும் உலோகக் கட்டை) 45 மி.மீ. பாடிக்கானது. 40 மி.மீ. பாடியில் அது பின்பக்கம் எட்டிப் பார்க்கும், பின்மூடியில் இடிக்கும். மெல்லிய பாடிக்குக் குட்டைப் பிளாக் வாங்க வேண்டும்.

ஃப்ளாய்டு ரோஸ் போட என்னென்ன பார்க்க வேண்டும்?

ஃப்ளாய்டு ரோஸ் என்பது நட்டிலும் பிரிட்ஜிலும் தந்தியைப் பூட்டும் டிரெமலோ. தூண் இடைவெளி 74 மி.மீ. பாடியில் அதற்கென்றே குடைந்த குழி வேண்டும், ஸ்ட்ராட் டிரெமலோவின் குழி போதாது. நெக்கில் லாக்கிங் நட்டுக்கான தட்டையான மேடை வேண்டும், சாதாரண நட் பள்ளம் உள்ள நெக்கில் அந்த இடத்தை வெட்டியெடுக்க வேண்டியிருக்கும். நட் அகலம்: ஆர்2 என்றால் 1 5/8 அங்குலம் (41.3 மி.மீ.), ஆர்3 என்றால் 1 11/16 அங்குலம் (ஏறத்தாழ 43 மி.மீ.). இந்தக் குறியைப் பார்க்காமல் நெக் ஒரு பக்கமும் நட் ஒரு பக்கமும் வாங்கினால் நட்டின் உலோக விளிம்பு நெக்குக்கு வெளியே துருத்தி நிற்கும், அல்லது நெக் ஓரம் படிக்கட்டுபோலத் தெரியும்.

முதல் கிட்டாருக்கு இது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அசையாத பிரிட்ஜில் செய்யும் தவறுகளைத் திருத்துவது எளிது.

பிரெட்போர்டின் வளைவும் பிரிட்ஜின் வளைவும் ஒன்றாக இருந்தே தீரவேண்டுமா?

ஒவ்வொரு சாடிலுக்கும் தனி உயரத் திருகு இருந்தால் கவலையே வேண்டாம், எந்த வளைவுக்கும் அமைத்துக்கொள்ளலாம். ட்யூனோமேட்டிக், ஃப்ளாய்டு ரோஸ் போன்ற நிலையான வளைவுள்ள பிரிட்ஜுகளில்தான் கேள்வி எழுகிறது. ட்யூனோமேட்டிக் பொதுவாக 12 அங்குல ஆரம் (305 மி.மீ.) கொண்ட வளைவு. 9½ அங்குல பிரெட்போர்டோடு சேர்த்தால் 52 மி.மீ. அகலத்தில் வேறுபாடு 0.3 மி.மீ.தான், வெளிச் சாடில்களின் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக அரம் போட்டால் தீர்ந்தது. 7¼ அங்குல பிரெட்போர்டோடு சேர்த்தால் 0.7 மி.மீ. ஆகும். நடுத் தந்திகள் தாழ்ந்து பிரெட்டில் மோதும், வெளித் தந்திகள் உயர்ந்து நிற்கும். அந்தச் சேர்க்கையைத் தவிர்த்துவிடுங்கள்.

நட் வாங்கும்போது?

நெக் அகலத்தோடு பள்ளத்தின் அகலத்தையும் அடித்தளத்தையும் பாருங்கள். ஃபெண்டர் பள்ளம் 3.2 மி.மீ. அளவில் ஒடுக்கமானது, அடித்தளம் வளைவாகவோ தட்டையாகவோ இருக்கும். கிப்சன் நட் அதைவிடத் தடிமன். தேவையைவிட உயரமான நட்டை அடியில் தேய்த்துக் குறைக்கலாம். குறைந்த நட்டை உயர்த்துவது எரிச்சலான வேலை.

ட்யூனர் துளை சரியாக இல்லை. துளையைப் பெரிதாக்கலாமா?

பழைய குளூசன் பாணி ட்யூனருக்கு 8.5 முதல் 8.8 மி.மீ. துளை. மரை புஷிங் உள்ள நவீன ட்யூனருக்கு 10 மி.மீ. நெக்கில் 10 மி.மீ. துளை இருந்து பழைய பாணி ட்யூனர் வேண்டுமென்றால் மாற்று புஷிங் கிடைக்கும், மரத்தைத் தொடவே வேண்டாம். மறுபுறம், 8.7-ஐ 10 ஆக்க வேண்டுமென்றால் ரீமரை இருபுறமிருந்தும் கையால் சுற்றுங்கள். சாதாரண துரப்பண முனை பழைய துளையின் விளிம்பைக் கடித்து, பெயிண்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும்.

ஹெட்ஸ்டாக்கின் (நெக்கின் தலைப்பகுதி) தடிமனையும் அளங்கள், ட்யூனரின் மரை அதைக் கடந்து மேலேயுள்ள மரை நட்டைப் பிடிக்க வேண்டுமே. ஒரே வரிசையில் ஆறா, பக்கத்துக்கு மூன்றா என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். தவறி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஹம்பக்கர்களில் "எஃப் ஸ்பேஸ்" என்றால் என்ன?

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) ஒன்றின் காந்தத் திருகுகளின் இடைவெளி. கிப்சன் அளவில் முதல் திருகிலிருந்து ஆறாவது வரை 49 முதல் 50 மி.மீ. எஃப் ஸ்பேஸில் 51 முதல் 53 மி.மீ. பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் தந்திகள் எவ்வளவு விரிந்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தது தேர்வு. 52.4 அளவுள்ள பிரிட்ஜில் அந்த இடத்தில் விரிவு 51 மி.மீ. சுமார், எஃப் ஸ்பேஸ் ஒத்துப்போகும். 50 அளவுள்ள ட்யூனோமேட்டிக்கில் 49 சுமார், கிப்சன் அளவு ஒத்துப்போகும். நெக் பிக்கப்புக்கு எப்போதும் ஒடுங்கியது போதும். ஒரு மி.மீ. பிசகால் காதுக்குக் கேட்கும் வித்தியாசம் வராது, கண்ணுக்குத்தான் உறுத்தும். இதற்காகப் பிடித்த பிக்கப்பை விட்டுவிட வேண்டியதில்லை.

குழியின் ஆழத்தையும் பாருங்கள். சில ஹம்பக்கர்களின் கால்கள் நீளம், ஆழமில்லாத குழியில் அடியில் முட்டி பிக்கப் இறங்காது.

இரண்டு நிறுவனங்களின் பிக்கப்பைக் கலந்து போட்டேன். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்து மூக்கால் பேசுவதுபோல இருக்கிறது. ஏன்?

இரண்டும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி ஒன்றையொன்று அழிக்கின்றன. வயர் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. சீமோர் டங்கனின் நான்கு வயர் ஹம்பக்கரில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று இணைய வேண்டியவை, பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்ட். டிமார்ஸியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் இணைய வேண்டியவை, பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்ட். ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றதைச் சால்டர் செய்தால் இப்படித்தான் ஆகும், அல்லது ஒரே சுருள் மட்டும் வேலை செய்யும்.

பொருத்தும் முன்பே மல்டிமீட்டரால் சோதிக்கலாம். மீட்டரை ஓம் அளவில் வைத்து, சிக்னல் வயரில் சிவப்பு முனையையும் கிரவுண்டில் கறுப்பு முனையையும் கொடுங்கள். இரும்புத் திருப்புளியின் தட்டையான பக்கத்தால் பிக்கப்பின் முகத்தைத் தொடுங்கள். தொட்ட கணத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். எல்லாப் பிக்கப்பிலும் ஒரே திசையில் போனால் ஒரே ஃபேஸ். மாறினால் அந்த ஒரு பிக்கப்பின் சிக்னலையும் கிரவுண்டையும் இடம் மாற்றுங்கள்.

இதில் ஒரு விலக்கு: உலோக மூடியுள்ள டெலி நெக் பிக்கப், பின்னலுறை வயர் உள்ள பழைய பாணி ஹம்பக்கர். இவற்றில் மூடி கிரவுண்ட் வயரோடு சேர்ந்திருக்கும். அப்படியே மாற்றினால் மூடி சிக்னலாகிவிடும், கை பட்டால் இரையும். முதலில் மூடியின் இணைப்பைத் துண்டித்து அதற்குத் தனிக் கிரவுண்ட் வயர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மற்றப் பிக்கப்பை மாற்றிவிடுங்கள்.

பாட் 250கே போடுவதா, 500கே போடுவதா?

சிங்கிள் காயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்கப்) 250கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500கே. மதிப்பு குறையக் குறைய மேல் அலைவரிசைகள் அதிகமாகக் கிரவுண்டுக்குக் கசியும். ஹம்பக்கரோடு 250 போட்டால் மந்தமாகும், சிங்கிள் காயிலோடு 500 போட்டால் கூர்மை கூடும். அது பிடித்தவர்களும் உண்டு. ஃபெண்டர் ஜாகுவாரில் 1 மெகா ஓம் பாட் இருக்கிறது.

இரண்டு வகையும் ஒரே கிட்டாரில் இருந்தால் 500 போட்டு, சிங்கிள் காயில் இயங்கும்போது மட்டும் 470கே ரெசிஸ்டர் இணையாகச் சேரும்படி சுவிட்சில் கட்டலாம். அப்போது சிங்கிள் காயில் பார்ப்பது 242கே. பாட்களின் மதிப்பு அச்சிட்டதிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருக்கலாம், ஆகவே போடும் முன் அளந்துவிடுங்கள். டோன் கபாசிட்டர் ஹம்பக்கருக்கு 0.022, சிங்கிள் காயிலுக்கு 0.047 மைக்ரோஃபாரட் என்பது வழக்கம். வால்யூமுக்கு ஏ என்று குறியிட்ட ஆடியோ டேப்பர் பாட் (காதுக்கேற்பச் சீராக ஏறியிறங்குவது) பொதுவாக இயல்பாக இருக்கும்.

மின்சாரத்தைவிட உலோகம்தான் இங்கே அதிகம் படுத்தும். அமெரிக்க பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும், சிறிய மெட்ரிக் பாட்டுக்கு 7 அல்லது 8 போதும். தண்டு வழுவழுப்பாக 6.35 மி.மீ. இருந்தால் பக்கத்திருகு உள்ள குமிழ்தான் போடலாம். பல் வெட்டிய தண்டில் அமெரிக்க வகைக்கு 24 பல், மெட்ரிக்குக்கு 18 பல். குமிழ் மாறினால் நுழையாது, அடித்து நுழைத்தால் தண்டு பிளந்துவிடும். பிக்கார்டில் குட்டைக் கழுத்து பாட். தடித்த மரத்தின் வழியாக வர வேண்டுமென்றால் நீளக் கழுத்து. மரத்தின் தடிமனை அளந்து, அதற்குமேல் வாஷரும் நட்டும் பிடிக்க 3, 4 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆக்டிவ் பிக்கப்பைப் பழைய பாட்களோடு இணைக்கலாமா?

வேண்டாம். பேட்டரியில் இயங்கும் இஎம்ஜி நிறுவனத்தின் ஆக்டிவ் பிக்கப்புக்கு 25கே பாட் வேண்டும். 250 அல்லது 500 போட்டால் வால்யூம் படிப்படியாகக் குறையாமல், தொடங்கும் இடத்தில் திடீரென்று தாவும். 9 வோல்ட் பேட்டரிக்கு 48.5 × 26.5 × 17.5 மி.மீ. இடம் வேண்டும், அது பல பாடிகளில் இல்லை. ஜாக் (கேபிள் செருகும் இடம்) ஸ்டீரியோவாக இருக்க வேண்டும். கேபிளை உருவியதும் பேட்டரியைத் துண்டிப்பது அந்த மூன்றாவது முனைதான். ஆக்டிவையும் சாதாரணப் பிக்கப்பையும் கலக்காமல் இருப்பது நல்லது.

பிக்கார்டு, சுவிட்ச்?

ஸ்ட்ராட் பிக்கார்டில் 8 துளை வகையும் 11 துளை வகையும் உண்டு. 11 துளையிலும் துளைகளின் இடம் ஒவ்வொரு தயாரிப்பிலும் கொஞ்சம் மாறும். பாடியில் பிக்கார்டுத் துளை போடாமல் வாங்கினால் பிரச்சினையே இல்லை. கடைசியில் பிக்கார்டை வைத்து நீங்களே துளையுங்கள். சுவிட்சின் முனைக் குமிழும் அங்குலம், மெட்ரிக் என இரண்டு அளவில் வரும். திறந்த சட்டக சுவிட்ச் ஆழமானது, மெல்லிய பாடியின் குழியில் அதன் முனைகள் அடியைத் தொட்டால், குழியில் காப்பர் டேப் ஒட்டியிருக்கும் நாளில் ஷார்ட் ஆகும்.

எந்த மரம் எடுப்பது?

பாகப் பொருத்தத்துக்கும் மரத்துக்கும் பெரிய தொடர்பில்லை. எடையைப் பாருங்கள். மிக இலேசான பாடியில் கனமான ட்யூனர்கள் போட்டால் தோளில் மாட்டும்போது தலைப்பக்கம் கீழே சாயும். மென்மையான மரத்தில் பிரிட்ஜ் தூண்களுக்கு நீளமான புஷிங் நல்லது.

பெயிண்ட் அடித்தபின் சேர்ப்பதா, முன்பா?

முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை. வெறும் மரத்தில் நெக்கையும் பிரிட்ஜையும் இரண்டு ட்யூனர்களையும் பொருத்தி, வெளித் தந்திகள் இரண்டை மட்டும் போட்டுச் சுருதிக்கு ஏற்றுங்கள். ஓர இடைவெளி, பிரிட்ஜ் உயரம், 12-வது பிரெட்டின் சுருதி மூன்றும் அப்போதே தெரிந்துவிடும். திருத்தவேண்டிய துளையைத் திருத்துங்கள். பிக்கப் வயர், கிரவுண்ட் வயர் போகும் பாதைகளையும் அப்போதே துளைத்துவிடுங்கள். குறிப்பாக, கண்ட்ரோல் குழியிலிருந்து பிரிட்ஜுக்குப் போகும் 3 மி.மீ. துளை, ஏனென்றால் பலர் மறப்பது அதைத்தான்.

எல்லாம் சேர்த்தாயிற்று. தந்தியைத் தொடாதபோது இரைச்சல், தொட்டால் குறைகிறது. பாகம் ஏதும் பொருந்தவில்லையா?

பாகங்கள் சரிதான், கிரவுண்டும் சரிதான். தொட்டால் குறைவது தந்தி கிரவுண்டோடு இணைந்திருப்பதற்கு அடையாளம். மிஞ்சும் இரைச்சல் குழிக்குக் கவசம் இல்லாததால் வருவது. காப்பர் டேப் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு சேர்த்தால் பெருமளவு குறையும், சிங்கிள் காயிலின் இயல்பான ஹம் மட்டும் நிற்கும். தொட்டாலும் மாற்றமே இல்லை, அல்லது தொட்டால் கூடுகிறது என்றால் பிரிட்ஜ் வயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஜாக்கில் சிக்னலும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கின்றன. மல்டிமீட்டரில் ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். இஎம்ஜி ஆக்டிவ் பிக்கப் மட்டும் போட்ட கிட்டாரில் இந்தச் சோதனை பொருந்தாது, அதில் பிரிட்ஜுக்குக் கிரவுண்ட் வயரே கொடுப்பதில்லை.